ஆசானுக்கு 10 ஆட்டம் தடை போட்டீர்கள், சரி. அந்த விசில் என்ன ஆச்சு?

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கும் நடுவர் குழுவுக்கும்,

வணக்கம். நான் கோயம்புத்தூர்க்காரன். 14 வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூட ஆட்டங்கள், உள்ளூர் டோர்னமென்ட்டுகள், எப்போதாவது ஒரு ஃபைனலுக்கு லைன்ஸ்மேன், அவ்வளவுதான். என் பெயர் உங்கள் காதுக்கு வந்திருக்க வாய்ப்பே இல்லை. நான் கொச்சியின் மஞ்சள் சட்டை அணியான கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகனும் கிடையாது, சென்னையின் எஃப்சி ஜெயித்தால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத வந்தது அந்த அணியின் பழைய பயிற்சியாளர், ரசிகர்கள் ஆசான் என்று கூப்பிட்ட இவான் வுகோமனோவிச்சைப் பற்றி, அவர் பெயரை எடுத்தாலே "மஞ்சள் சட்டைக்காரன் வந்துட்டான்" என்று மடலைப் பாதியில் மூடிவிடுவார்கள்.

அவர் கொச்சியை விட்டுப் போனது 2024 ஏப்ரல் 26-ல். போன ஆளைப் பற்றி இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். அவர் கேட்டுவிட்டுப் போன கேள்வி இன்னும் மைதானத்திலேயே கிடக்கிறது, அதற்காகத்தான்.

2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பிளேஆஃப் நாக்அவுட், பிளாஸ்டர்ஸுக்கும் பெங்களூரு எஃப்சிக்கும். 90 நிமிடமும் கோல் இல்லை, கூடுதல் நேரத்துக்குப் போய்விட்டது. 96-வது நிமிடத்தில் பாக்ஸுக்குச் சற்று வெளியே பெங்களூருவுக்கு ஃப்ரீகிக். பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் பிரப்சுகன் கில் சுவரை, அதாவது பந்தை மறைத்து வரிசையாக நிற்கிற ஆட்களை, சரிபண்ணிக்கொண்டிருந்தார், கோல் காலி. சுனில் சேத்ரி பந்தை மெதுவாகத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். நடுவர் கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் ஆட்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள், நடுவர் மாறவில்லை, கொஞ்ச நேரத்தில் பயிற்சியாளர் இவான் மைதானத்தின் பக்கக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து தன் பையன்களை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. ஆட்டம் பெங்களூருவுக்குப் போனது.

நடுவர் வேலை பார்க்கிறவனாக இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்: டீமை வெளியே கூட்டிப் போனது தப்பு. கோடு கோடுதான். எவ்வளவு பெரிய அநியாயம் நடந்ததாக நினைத்தாலும் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் பேச வேண்டும். இவானுக்கு நீங்கள் போட்ட 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம், கிளப்புக்குப் போட்ட 4 கோடி, இதில் எதையும் நான் இங்கே குறை சொல்லவில்லை. 4 கோடி ரொம்ப அதிகம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. 2012 டிசம்பரில் கொல்கத்தா டெர்பியில் இரண்டாம் பாதிக்கு இறங்க மறுத்த மோகன் பகானுக்கு முதலில் தடை போட்டு, அப்புறம் அதை எடுத்துவிட்டு 2 கோடியில் முடித்ததும் நினைவுக்கு வந்தது. போகட்டும். இவானும் கிளப்பும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்தப் பக்கம் கணக்கு முடிந்துவிட்டது.

உங்கள் பக்கம் முடியவில்லை.

அன்றைக்கு எழுந்த கேள்வி ரொம்பச் சின்னது. ஃப்ரீகிக்கை எதிரணி 10 கஜம் தள்ளிப் போகும்வரை காத்திருக்காமல் உடனே அடித்துவிடலாம், விதி அனுமதிக்கிறது. விசில் தேவையில்லை. ஆனால் நடுவர் ஒரு முறை உள்ளே நுழைந்து சுவரைத் தள்ளி வைக்க ஆரம்பித்துவிட்டால், அல்லது கார்டு காட்டினால், அல்லது அடிபட்டவனுக்கோ ஆள் மாற்றத்துக்கோ ஆட்டம் நின்றால், அதற்கப்புறம் விசில் இல்லாமல் பந்து நகரக் கூடாது. அப்படி நிற்கும்போது நாங்கள் விசிலைக் கையில் உயர்த்தி, இன்னொரு கையால் அதைத் தொட்டுக் காட்டுவோம், "இது கேட்கும் வரைக்கும் பொறு" என்று அர்த்தம். அன்றைக்கு அந்த எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் இருந்தோம்? நடுவர் என்ன சைகை காட்டினார், யாரிடம் என்ன சொன்னார்? பிளாஸ்டர்ஸ் கொடுத்த புகாரை, ஆட்டத்துக்குள் நடுவர் எடுத்த முடிவை எதிர்த்துப் புகார் கிடையாது என்று தள்ளுபடி செய்தீர்கள். சட்டப்படி சரிதான். ஆனால் புகாரைத் தள்ளுவது வேறு, விளக்கம் கொடுப்பது வேறு. நடுவர் குழுவிலிருந்து ஒருவர் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்தி, "இந்த நொடியில் நடுவர் இங்கே நிற்கிறார், இதனால் இது குயிக் ஃப்ரீகிக், இந்தக் கோல் செல்லும்" என்று ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். கோல் சரி என்று நிரூபணம் ஆனால் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு நடுவர் தலை நிமிர்ந்து நடப்பார். அதைச் செய்யாமல் விட்டதில் அதிகம் நஷ்டப்பட்டது இவானா? அந்த நடுவர்தான். நாடு முழுக்க அவரை வாய்க்கு வந்தபடி பேசினார்கள், அவருக்காகப் பேச உங்களில் ஒருவரும் முன்னால் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், இதே விஷயம் என் கையால் ஒரு முறை நடந்திருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) டோர்னமென்ட், அரையிறுதி. சாயங்காலம், மேற்கே வெயில் கண்ணில் அடிக்கிறது. ஃபவுல் கொடுத்தேன். அடிக்கிற பையன் பந்தை வைத்துவிட்டு "சார், விசிலா?" என்றான். நான் சுவரில் நின்ற ஒருத்தனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன். விசில் என்ற அர்த்தத்தில்தான் ஆட்டினேன், அவன் அடிக்கலாம் என்று எடுத்துக்கொண்டான். பந்து உள்ளே. கீப்பர் இன்னும் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்திக்கொண்டிருக்கிறான். நான் கோல் கொடுத்துவிட்டேன், கொடுத்த நொடியே என் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் திரும்பி வாங்கத் தைரியம் வரவில்லை. தோற்ற டீமின் கோச், வயசான மனுஷன், ஆட்டம் முடிந்ததும் வந்து திட்டவெல்லாம் இல்லை. "தம்பி, கையைக் காட்டியிருந்தா பசங்க நின்னிருப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றையிலிருந்து, எட்டு வயசுப் பையன்கள் ஆட்டமாக இருந்தாலும், விசிலைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டாமல் நான் சுவரைத் தள்ளுவதில்லை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கோச் வேண்டியிருந்தது. எந்த வகுப்பிலும் அது அவ்வளவு அழுத்தமாக எனக்குச் சொல்லப்படவில்லை.

இவான் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் உத்தரவுகளில் அவர் வெறும் "தலைமைப் பயிற்சியாளர்" மட்டும்தான். மேற்கு செர்பியாவில் மலைகளுக்கு நடுவில் இருக்கும் உஜிட்செ என்ற ஊரில் 1977-ல் பிறந்தவர். ஆட்டக்காரராகப் பெரிய நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. பின்னால் நின்று அடுத்தவன் காலைப் பார்த்து வேலை செய்கிற ரகம். ஆனால் போன இடங்களைப் பாருங்கள்: பெல்கிரேடின் ரெட் ஸ்டார், பிரான்ஸில் போர்தோ, ஜெர்மனியில் கொலோன், ரஷ்யா, பெல்ஜியம். அப்புறம் பெல்ஜியத்தின் ஸ்டாண்டர்ட் லியேஜில் துணைப் பயிற்சியாளர், 2014-ல் அங்கேயே பொறுப்புப் பயிற்சியாளர். ஸ்லோவாக்கியாவில் ஸ்லோவன் பிராட்டிஸ்லாவாவுக்கு 2017-ல் கோப்பை வாங்கிக்கொடுத்தார். சைப்ரஸில் கொஞ்ச நாள். இத்தனை நாட்டில் இத்தனை நடுவர்களின் விசிலைக் கேட்ட காது அது. அந்த ஆள் "இங்கே நடுவர்களைத் தயார் செய்யும் முறையில் ஏதோ குறை இருக்கிறது" என்று சொன்னால், கோபத்தை ஒதுக்கிவிட்டுச் சொன்ன விஷயத்தை மட்டும் எடுத்துக் கேட்டிருக்கலாம். அன்றைக்கு செர்பியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த பயிற்சியாளர் மிலோவன் சிரிச் பேச்சைக் கேட்டுத்தான் 1984-ல் இந்தியா ஆசியக் கோப்பைக்கே தகுதி பெற்றது. அந்தப் பக்கத்து ஆட்களிடம் நமக்குக் கற்றுக்கொள்ள ஏதோ இருந்திருக்கிறது.

கொச்சிக்கு அவர் 2021 ஜூனில் ஒப்பந்தமானபோது பிளாஸ்டர்ஸ் நிலைமை என்ன? அதற்கு முந்தைய சீசனில் 11 டீமில் 10-வது இடம். 2016 ஃபைனலுக்கு அப்புறம் பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இவானின் முதல் ஆட்டத்திலும் ஏடிகே மோகன் பகானிடம் 4-2 தோல்வி. அதற்கப்புறம் தொடர்ந்து 10 ஆட்டம் தோற்கவில்லை. கோவிட் காலம், லீக் ஆட்டமெல்லாம் கோவாவில் பூட்டிய ஸ்டேடியத்தில், பையன்கள் மாதக்கணக்கில் ஓட்டல் அறையில். முதல் கீப்பருக்கு அடிபட, கில் என்ற சின்னப் பையனைக் கோலில் நிறுத்தினார், சீசன் முடிவில் சிறந்த கீப்பருக்கான கோல்டன் கிளவ் அவனுக்குத்தான். ஹோர்மிபாம், ஜீக்சன், சஹல், பின்னாடி விபின் மோகனன், சச்சின் சுரேஷ் என்று இந்தியப் பையன்களை நம்பி இறக்கினார். அரையிறுதியில், லீக் சுற்றில் முதலிடம் பிடித்து ஷீல்டு வாங்கிய ஜாம்ஷெட்பூரைத் தட்டிவிட்டு ஃபைனல். ஃபட்டோர்டாவில் ராகுல் கே.பி. அடித்த கோல் 88-வது நிமிடம் வரைக்கும் தாங்கியது, ஹைதராபாத்தின் சாஹில் தவோரா அதைச் சமன் செய்தார், பெனால்டியில் அவர்கள் கீப்பர் கட்டிமணி மூன்றைத் தடுத்தார், போச்சு. கோப்பை வரவில்லைதான். ஆனால் மூன்று சீசனும் தொடர்ந்து பிளேஆஃப். அவர் போன அடுத்த சீசனில் டீம் 8-வது இடத்துக்கு இறங்கியது.

மலையாளிகள் அவரை "ஆஷான்" என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறவரை ஆசான் என்போம், அதே சொல். தெருவில் பிறந்த மரியாதை அது, பத்திரிகை கொடுத்த பட்டம் கிடையாது. 2023 அக்டோபர் 27, தடை முடிந்து அவர் திரும்பி வந்த ஒடிசா ஆட்டத்துக்கு, பாலக்காட்டு நண்பன் ஒருத்தன் இழுத்த இழுப்பில் நானும் போயிருந்தேன். சீசனின் முதல் 4 ஆட்டத்தைத் துணைப் பயிற்சியாளர் ஃபிராங்க் டாவென் நடத்தியிருந்தார், இது ஐந்தாவது. மத்தியானம் எர்ணாகுளம் நார்த்தில் இறங்கி கலூர் ஸ்டேடியத்துக்கு மெட்ரோ பிடித்தால் பெட்டி முழுக்க மஞ்சள், என் ஒருத்தன் சட்டைதான் வெள்ளை. கிழக்கு கேலரியில் நிற்க இடமில்லை. அவர் டன்னலிலிருந்து வெளியே வந்தபோது எழுந்த சத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியிருக்கும், முண்டை மடித்துக் கட்டிக்கொண்டு சிமென்ட் படிக்கட்டில் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சத்தமே வராமல் அழுதார். ஒடிசா முதலில் கோல் போட்டது, அவர்களுக்குக் கிடைத்த ஒரு பெனால்டியை எங்கள் பக்கத்து கேலரிக்காரர்களின் கீப்பர் சச்சின் சுரேஷ் தடுத்தார், டியமன்டாகோஸ் சமன் செய்தார், 84-வது நிமிடத்தில் லூனா. 2-1. நடுவராக நான் அன்றைக்குக் கவனித்தது வேறொன்று: 90 நிமிடமும் இவான் டெக்னிக்கல் ஏரியா, அதாவது பயிற்சியாளர் நிற்க வேண்டிய இடத்தின் கோட்டைத் தாண்டாமல் நின்றார். கத்தினார், கையை வீசினார், கோட்டுக்கு வந்ததும் கால் நின்றுவிடும். தண்டனை வேலை செய்திருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து நவம்பர் 29, அதே கலூரில் எங்கள் சென்னையின் எஃப்சி. வீட்டில் டிவியில் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே ரஹீம் அலி கணக்கில் கோல், எனக்குத் துள்ளல். பிளாஸ்டர்ஸ் பையன்கள் ஆஃப்சைடு என்று கையைத் தூக்கினார்கள். எனக்குப் பிடித்த டீமுக்கு விழுந்த கோல், ஆனாலும் ரீப்ளே வந்தபோது என் கையும் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குகிற மாதிரி பாதி எழுந்துவிட்டது. பழக்க தோஷம். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரு பெனால்டி, ஆட்டம் 3-3. முடிந்ததும் இவான் பத்திரிகையாளர்களிடம், இந்த மாதிரி ஆட்டத்தை நடத்த இந்த நடுவர்களுக்குத் திறன் போதவில்லை என்ற பொருளில் பேசினார். நீங்கள் ஒரு ஆட்டத் தடை போட்டீர்கள், 50,000 ரூபாய் அபராதம் போட்டீர்கள்.

இங்கேதான் எனக்கும் உங்களுக்கும் சண்டை. மார்ச் மாதம் அவர் ஆட்டத்தைவிட்டு வெளியேறினார், தண்டித்தீர்கள், நியாயம். நவம்பரில் அவர் எதையும் விட்டு வெளியேறவில்லை. ஆட்டம் முடியும்வரை நின்று, முடிந்தபிறகு, பேச வேண்டிய இடத்தில் பேசினார். வார்த்தை காரமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எந்த நாட்டு லீக்கிலும் நடுவரை இப்படிப் பேசினால் அபராதம் வரும் என்பதும் தெரியும். ஆனால் அங்கெல்லாம் அபராதத்தோடு விஷயம் நிற்பதில்லை. இங்கிலாந்தில் நடுவர்கள் 2001-லிருந்து முழுநேரத் தொழிலாகப் பார்க்கிறார்கள், வாரக் கூலி இல்லை, சம்பளம். தப்பு நடந்தால் அவர்கள் அமைப்பே பல முறை வெளியே வந்து தப்பு என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. நடுவர்கள் பேசிக்கொண்ட ஒலிப்பதிவைப் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நம்மூரில் ஐஎஸ்எல் தொடங்கி 10 வருடம் ஓடியும் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவர் முடிவைச் சரிபார்க்கும் முறை) வரவில்லை. பணம் இல்லை என்பது புரிகிறது. 2025 ஜூலையில் லீக்கையே நிறுத்திவைக்கிற அளவுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும், அந்த நிலைமையில் கேமராவுக்குக் காசு கேட்க எனக்கே வாய் வரவில்லை. ஆனால் விளக்கம் சொல்வதற்கு என்ன செலவு? ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பழைய நடுவர், வாரத்துக்கு ஒரு வீடியோ. தமிழிலும் மலையாளத்திலும் வங்காளத்திலும் போட்டால் இன்னும் நல்லது, மைதானத்தில் எங்களைத் திட்டுகிறவர்கள் அந்த மொழிகளில்தான் திட்டுகிறார்கள்.

இவான் "திறன் போதவில்லை" என்று சொன்னது நடுவர்களுக்கு அவமானம் என்று எடுத்துக்கொண்டு எங்களுக்காக நீங்கள் கோபப்பட்டீர்கள். நன்றி. ஆனால் ஒரு நடுவனாக எனக்கு அது அவமானமாகப் படவில்லை. எனக்கு எப்படித் திறன் வரும்? ஒரு ஆட்டத்துக்குக் கிடைக்கும் பேட்டா பெட்ரோலுக்கும் டீக்கும் போய்விடும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் பம்ப்செட் பாகங்கள் கடையும் லேத் பட்டறையில் நிற்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு ஞாயிறு காலை ஏழு மணிக்கு 22 பையன்களோடு சேர்ந்து ஓடுகிறேன். என் ஆட்டத்தை ஒருவர் படம் பிடித்து, உட்கார வைத்து, "இங்கே நீ இடது பக்கம் போயிருக்கணும்" என்று சொன்னது 14 வருடத்தில் ஒரே ஒரு தடவை. மேலே ஐஎஸ்எல்லில் ஊதுகிறவர்களும் இப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஏறி வந்தவர்கள்தானே. கீழே நீர் ஊற்றாமல் மேலே காய்க்கவில்லை என்றால் மரத்தையா திட்டுவது?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். இவானின் தடையைத் திருப்பி வாங்குங்கள் என்று கேட்கவில்லை, அது முடிந்த கதை. அந்த 4 கோடி, 5 லட்சம், 50,000, இப்படி ஒழுங்கு நடவடிக்கையில் வருகிற பணம் எங்கே போகிறது என்று சொல்லுங்கள். அதில் ஒரு பங்கை மாவட்ட நடுவர் பயிற்சிக்கு என்று ஒதுக்கி, ஒதுக்கியதை வெளிப்படையாகப் போடுங்கள். நடுவரை வைது பேசியதற்கு வாங்கிய அபராதத்தில் ஒரு நடுவனுக்கு வகுப்பு நடந்தால் அதைவிடப் பொருத்தம் வேறில்லை. இரண்டாவது, 2023 மார்ச் 3-ன் அந்த ஃப்ரீகிக்கை ஒரு பாடமாக எடுத்து நடத்துங்கள். சரியோ தப்போ, நடுவர் நின்ற இடம், கையிலிருந்த சைகை, சேத்ரி கால் எடுத்த நேரம், எல்லாவற்றையும் நிறுத்திக் காட்டுங்கள். அந்த நடுவரையே கூப்பிட்டு அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள், பொதுவெளியில் அவருக்கு அந்த வாய்ப்பு கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் வகுப்பு வைத்தால் நான் நாற்காலி போடுகிறேன், புரொஜெக்டருக்கு வாடகை நானே கொடுக்கிறேன். எங்கள் நேரு ஸ்டேடியம் இருக்கிறது, சென்னை சிட்டி எஃப்சி 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன் ஆனபோது அவர்களுக்குச் சொந்த மைதானமாக இருந்த இடம். ஒரு ஹால் கிடைக்காமலா போகும்.

வருகிற ஞாயிறு எனக்கு 13 வயசுக்குட்பட்டோர் ஆட்டம் இரண்டு இருக்கிறது. திங்கட்கிழமை தவிர வேறு எந்த நாளில் கூப்பிட்டாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு நடுவர்